பதினேழு வயசுப் பையனுக்காக யார் பேரம் பேசுவது?

2024 ஜனவரி 13, டோக்கியோ தேசிய அரங்கம். பல்கலைக்கழக ரக்பி இறுதி ஆட்டம், டெய்க்யோவும் மெய்ஜியும். முதல் பாதி முடிவதற்குள்ளேயே பனி கொட்ட ஆரம்பித்தது. கூடவே இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ள, ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பார்க்க வந்த நாங்களும் தாழ்வாரத்துக்கு ஒதுங்கி, சூடான காபி டின்னைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் ஒரு பெரியவர். கழுத்தில் இருந்த ஊதா வெள்ளை மப்ளரைப் பார்த்தாலே மெய்ஜியின் பழைய மாணவர் என்று தெரிந்தது. இந்தியாக்காரனுக்கு இந்தக் குளிரில் ரக்பி எதற்கு என்று சிரித்தபடி விசாரித்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"டெய்க்யோ பசங்க நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா ஊர் ஊராப் போய்ப் பொறுக்கிட்டு வந்த பசங்க. அதுல என்ன பெருமை?"

ஆட்டம் மறுபடி தொடங்கி, 34-15 என்று டெய்க்யோ ஜெயித்தது. அவர்களுக்கு அது 12-வது பட்டம். அடுத்த ஆண்டு வசேதாவைத் தோற்கடித்து 13 ஆக்கினார்கள். முதல் பட்டம் வந்ததே 2009 சீசனில்தான். அதிலிருந்து தொடர்ந்து ஒன்பது தடவை வேறு யாருக்கும் கோப்பையைக் காட்டவே இல்லை. இப்படி ஜெயிக்கிறவர்கள் மேல் ஊருக்கே ஒரு கடுப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் பெரியவர் சொன்னது வெறும் கடுப்பு என்று ஒதுக்கவும் முடியவில்லை. நல்ல பையன்களைப் பள்ளியிலேயே பார்த்து வைத்து, சீட் கொடுத்து, ஃபீஸைக் குறைத்து, ஹாஸ்டலில் போட்டு வளர்ப்பது நியாயமா என்பது இங்கே ரக்பி பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்போதாவது சண்டை போட்டிருக்கும் விஷயம்.

ரக்பி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், மாற்று ஆட்டக்காரர்கள் எட்டு. ஆக, ஆட்ட நாளில் சட்டை கிடைப்பது 23 பேருக்கு. ஜப்பானில் இந்த விளையாட்டு வேரூன்றியதே பல்கலைக்கழகங்களில்தான். கெய்யோவில் 1899-லேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள், வசேதாவில் 1918, மெய்ஜியில் 1923. டிசம்பர் மாதம் நடக்கும் வசேதா-மெய்ஜி ஆட்டத்துக்கு 1982-ல் வந்த கூட்டம் 66,999 பேர். மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு!

இனி ஆள் சேர்ப்பு. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். விளையாட்டுப் பரிந்துரையில் சேர்க்கை. ஒருவருக்கு முழு ஃபீஸும் தள்ளுபடி, ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குச் சீட் மட்டும். தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் யென்னுக்குக் குறைந்து பெரும்பாலும் கிடையாது என்பதால், அந்தத் தள்ளுபடி ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மெய்ஜிப் பெரியவரிடம் நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். ஆண்டுதோறும் ஹனசோனோவில் நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டியில் கலக்குகிற பையன்களில் ஒரு பெரிய பங்கை அள்ளிக்கொண்டு போவது மெய்ஜியேதான்! பள்ளி அளவிலான ஜப்பான் அணியில் ஆடியவர்கள் அந்த ஊதா வெள்ளைச் சட்டைக்கு வரிசையில் நிற்கிறார்கள். கெய்யோவுக்கும் வசேதாவுக்கும் சொந்தமாகப் பள்ளிகள் உண்டு. அங்கே நுழைந்துவிட்டால் பல்கலைக்கழகம் வரை பெரும்பாலும் நேர்வழி. அதற்கும் மேல் பெயர் ஒன்று இருக்கிறது. வசேதாவில் படித்தேன் என்றால் நாளைக்கு வேலை கொடுக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். டெய்க்யோவுக்கு அந்தப் பெயர் கிடையாது. இவாதே மசாயுகி 1996-ல் அங்கே பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது பையன்களுக்குக் காட்ட அவரிடம் இருந்தது நல்ல மைதானம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு ஆகியவைதான். பதின்மூன்று ஆண்டு கழித்துத்தான் முதல் கோப்பை.

ஒருவர் பெயரைக் காட்டி இழுக்கிறார், இன்னொருவர் ஃபீஸைக் காட்டி இழுக்கிறார். முதலாவது பாரம்பரியம், இரண்டாவது வியாபாரம் என்று பிரிப்பது எனக்கு ஒப்புவதில்லை. பணக்கார வீட்டுப் பையனுக்குப் பெயர் போதும். ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பையனுக்குத் தள்ளுபடிதான் கதவு. சுகுபா மாதிரி ஓர் அரசுப் பல்கலைக்கழகம் 2012, 2014 சீசன்களில் இறுதி வரை வந்து டெய்க்யோவிடம் தோற்றதே, அவர்கள் புலம்பினால் காது கொடுத்துக் கேட்கலாம். மெய்ஜி புலம்பக்கூடாது.

அணிக்கு அணி நியாயம் என்கிற பேச்சை இதோடு விடுகிறேன். எனக்கு அதில் அவ்வளவு அக்கறையும் இல்லை. என்னைக் குடைவது வேறு.

காமிஇகுசா என்று ஒரு ஸ்டேஷன், செய்பு ஷின்ஜுகு லைனில். வாசலில் கண்டம் ரோபோவுக்குச் சிலை வைத்திருப்பார்கள், அந்தக் கார்ட்டூனை எடுத்த கம்பெனி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. சிலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வசேதாவின் ரக்பி மைதானம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் போய் ஓரமாக நிற்பேன். டிவியில் வருகிற ஆட்டமெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது அணி, நான்காவது அணி ஆடுகிற பயிற்சி ஆட்டங்கள். பெரிய பல்கலைக்கழக ரக்பிக் கிளப்பில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். 23 பேர் போக மிச்சம் இருப்பவர்கள் ஆடுவது இங்கேதான்.

ஒரு தடவை கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் கேரியரோடு ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். முழங்காலில் கறுப்பு பிரேஸ். இருபத்தோரு வயசு இருக்கும், எதிரணிக்காரன். அவன் கழுத்து அகலத்தைப் பார்த்தாலே ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் நின்றவன் என்று சொல்லிவிடலாம். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் நொண்டிக்கொண்டே ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தான். ஒவ்வொருத்தன் பெயரையும் சொல்லித் தட்டிக்கொடுத்தான், திரும்பி வந்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, அவரும் எதிரணிப் பையன் ஒருவனின் அம்மாதான், தானாகச் சொன்னார். முதல் வருஷமே லிகமென்ட் அறுந்ததாம். சரியாகி வந்ததும் அதே கால் மறுபடி. பரிந்துரையில் சேர்ந்த பையன் என்பதால் கிளப்பை விடவும் மனசு வரவில்லையாம்.

"விட்டா சீட் போயிடுமா?" என்று கேட்டேன்.

"எழுத்துல அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. ஆனா ரக்பிக்காகத்தானே எடுத்தாங்க? அவனுக்கே ஒரு கூச்சம்."

அந்தக் கூச்சம் என்று அவர் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சட்டத்தில் இல்லாத கட்டு அது. ஒருவன் இருபது வயசில் தான் கடன்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, படிக்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் சுமக்கிறான். பழைய ஜப்பானியக் கிளப்புகளில் முதல் வருஷப் பையன் என்றால் துணி துவைப்பது, பெருக்குவது, மூத்தவர்களுக்கு ஓடுவது என்று எல்லா எடுபிடி வேலையும் அவன் தலையில்தான். இவாதே இதைத் தலைகீழாக்கினார். டெய்க்யோவில் பெருக்குவதும் துடைப்பதும் நான்காம் வருஷத்துக்காரர்கள் வேலை, புதிதாக வந்தவன் படிக்கட்டும், ஊரையும் வகுப்பையும் பழகட்டும் என்றார். விலைக்கு வாங்கிய பசங்க என்று ஏசப்பட்ட இடத்தில்தான், வாங்கிய பிறகு பையனை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்திருக்கிறார்கள். ஆள் சேர்ப்பில் யார் நியாயமாக நடந்தார்கள் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சேர்ப்பு நடக்கும் விதத்தை நான் கிட்டத்தில் பார்த்தது இந்த வருஷம்தான். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரின் மகன் சைதாமாவில் ஒரு பள்ளியில் ப்ராப், அதாவது ஸ்க்ரம்மின் முன்வரிசையில், ஆடுகிறான். பதினேழு வயசு. மதியத்துக்கு இரண்டு டப்பா சோறு கொண்டு போகிறவன். ஏப்ரலில் ஒருநாள் அப்பா முகமெல்லாம் பல்லாக வந்தார். ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து பேச்சு வந்திருக்கிறதாம். யாரிடம் பேசினார்கள் என்றேன். பள்ளிக் கோச்சிடம்.

இங்கே நடைமுறையே அப்படித்தான். பல்கலைக்கழகத்துக்காரர் பையனை ஒரு போட்டியிலோ, தேர்வு முகாமிலோ பார்ப்பார். பிறகு பள்ளிக் கோச்சைப் பிடிப்பார். கோச் பையனைக் கூப்பிட்டு, "உனக்கு இன்ன இடத்தில் இருந்து கேட்கிறார்கள், என்ன சொல்கிறாய்" என்பார். முறைப்படியான விண்ணப்பமும் நேர்காணலும் இலையுதிர் காலத்தில்தான். ஆனால் விஷயம் கோடைக்குள் முடிந்துவிடும். சரி என்று சொல்லிவிட்டால் வேறு எங்கும் விண்ணப்பிக்கக்கூடாது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. கோச் பையனுக்கு நல்லது நினைப்பவர்தான். ஆனால் அவருக்கு அடுத்த வருஷமும் பையன்கள் இருக்கிறார்கள், அதற்கடுத்த வருஷமும். இன்றைக்கு இவன் மாட்டேன் என்றால் அந்தப் பல்கலைக்கழகம் நாளைக்கு அந்தப் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்குமா? தன் ஜூனியர்களுக்குப் போக வேண்டிய வழியை அடைத்துவிடுவோமோ என்று பையனே பயப்படுகிறான். பெண் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் ஒரே தரகர் என்றால் கல்யாணம் நடக்கும், கேள்வி கேட்கத்தான் ஆள் இருக்காது.

இப்படிச் சேர்ந்த கிளப்பே கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே உதாரணம் உண்டு. கான்டோ காகுயின் ஒரு காலத்தில் ஆறு பட்டம் வென்ற அணி. 2001 முதல் 2006 வரை ஆறு சீசனும் இறுதி ஆட்டம் வசேதாவுக்கும் அவர்களுக்கும்தான். 2007 நவம்பரில், அதே வருஷம் ஜனவரியில் கோப்பையைத் தூக்கிய கிளப்பின் இரண்டு பையன்கள் தங்கும் அறையில் கஞ்சா வளர்த்ததாகக் கைதானார்கள். விசாரித்தால் இன்னும் பலர் புகைத்திருந்தார்கள். அணி தேசியப் போட்டியில் இருந்து விலகியது, பல வருஷமாக அணியை வளர்த்த பயிற்சியாளர் ஹருகுச்சி பதவி விலகினார். அதற்கப்புறம் அந்த உயரத்துக்கு அவர்கள் திரும்பவே இல்லை. தப்பு செய்தவர்கள் அனுபவித்தார்கள், சரி. கஞ்சா செடியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், சாம்பியன் அணி என்று நம்பி வேறு இடங்களை உதறிவிட்டு வந்து சேர்ந்த முதல் வருஷத்துப் பையன்? நடுவில் கல்லூரி மாறுவது ஜப்பானில் அபூர்வம். அவன் நாலு வருஷமும் அங்கேயேதான்.

இதெல்லாம் வீட்டுக்கு இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறவன் கதை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள்.

டோங்கா பசிபிக்கில் ஒரு சின்ன நாடு, மொத்த ஜனத்தொகையே சுமார் ஒரு லட்சம். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கும் அவர்களுக்கும் உறவு உண்டானது எதனால் என்று நினைக்கிறீர்கள்? மணிச்சட்டத்தால்! அன்றைய மன்னர் நான்காம் தௌஃபாஆஹௌ டுபோவுக்கு ஜப்பானிய மணிச்சட்டக் கணக்கின் மேல் ஒரு மோகம், தன் நாட்டுப் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும் என்று ஆசை. டோக்கியோவின் தைதோ புன்கா பல்கலைக்கழகத்தில் மணிச்சட்ட நிபுணரான பேராசிரியர் ஒருவரே ரக்பிக் கிளப்பையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1980-ல் இரண்டு டோங்கா மாணவர்கள் வந்து இறங்கினார்கள். கணக்குப் படிக்க வந்தவர்கள், மைதானத்தில் எதிரணியைப் புரட்டி எடுத்தார்கள். அவர்களில் நோஃபோமுலி 1987 முதல் உலகக் கோப்பையிலேயே ஜப்பானுக்கு ஆடினார். பின்னால் வந்த சினாலி லாட்டு மூன்று உலகக் கோப்பை ஆடி, ஜப்பான் குடிமகனாகி, அதே தைதோ புன்காவுக்குப் பயிற்சியாளரானார்.

நாற்பது வருஷத்தில் மணிச்சட்டம் மறைந்து ரக்பி மட்டும் மிஞ்சியது. இப்போது பதினைந்து, பதினாறு வயசிலேயே பள்ளிக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள், அங்கிருந்து பல்கலைக்கழகம். சியோசாயா ஃபிஃபிதா இஷிகாவா மாவட்டத்துப் பள்ளிக்கு வந்து, அங்கிருந்து நாராவின் தென்ரி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 2021 ஜனவரியில் தென்ரி 55-28 என்று வசேதாவை அடித்து முதல் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். 1984 சீசனில் டோஷிஷா ஜெயித்ததற்குப் பிறகு மேற்கு ஜப்பானின் கான்சாய் பக்கத்துக்கு வந்த முதல் கோப்பை அது. அதே வருஷம் ஜப்பான் அணிக்கும் ஆடிவிட்டார். நியூசிலாந்தில் இருந்து பதினைந்து வயசில் சப்போரோவுக்குப் பள்ளிப் படிப்புக்கு வந்து, தொகாய் பல்கலைக்கழகத்தில் படித்த மைக்கேல் லீச்தான் 2015-லும் 2019-லும் ஜப்பான் கேப்டன். இவர்கள் கதைகளை எல்லாரும் சொல்வார்கள். பெயர் வராதவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தது நினைவிருக்கலாம். கேபிள் அறுந்து நாடே உலகத்தோடு தொடர்பில்லாமல் போனது. ஜப்பானில் இருந்த டோங்காப் பையன்கள் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நாள்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி நாளில் பையனோடு உட்கார வேண்டியது யார்? கோச்சா? வார்டனா? ஒரு பிள்ளையை அத்தனை தூரத்தில் இருந்து தூக்கி வருகிறோம் என்றால் இந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் தூக்கி வருகிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கின்றன. ஒரே நேரத்தில் மைதானத்தில் இத்தனை வெளிநாட்டு மாணவர்கள்தான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. ஒரு நாட்டுக்கு ஆட அங்கே மூன்று வருஷம் வசித்தால் போதும் என்றிருந்ததை ஐந்தாக்க உலக ரக்பி அமைப்பு 2017-ல் தீர்மானித்தது. இதெல்லாம் யாருக்கு யாரிடம் இருந்து பாதுகாப்பு என்று பாருங்கள். ஓர் அணிக்கு இன்னோர் அணியிடம் இருந்து, ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டிடம் இருந்து. வெளிநாட்டுப் பையன் ஒருவன் அதிகமாகிவிட்டால் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லும் விதிப்புத்தகம், அவன் நாலு வருஷமும் பெஞ்சிலேயே உட்கார்ந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

2025-ல் ஜப்பானின் தொழில்முறை லீக் அறிவித்த மாற்றம் இதைவிட மோசம். 2026-27 சீசனில் இருந்து ஜப்பான் அணிக்கு ஆடத் தகுதி உள்ளவர்களையே இரண்டாகப் பிரிப்பார்களாம். பிறப்பு வழித் தொடர்பு இல்லாதவர் முதல் பிரிவில் வர, பொதுவாகக் கட்டாயக் கல்விக் காலத்தில் குறைந்தது ஆறு வருஷம் ஜப்பானில் படித்திருக்க வேண்டும். ஜப்பானில் கட்டாயக் கல்வி பதினைந்து வயசோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளிக்காகப் பதினைந்தில் இங்கே அழைத்து வரப்பட்டவன், பல்கலைக்கழகம் முடித்து, குடியுரிமை வாங்கி, கல்யாணம் செய்து, பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்திருந்தாலும் அந்த ஆறு வருஷத்தை எங்கே போய் வாங்குவான்? உள்ளூர்ப் பையன்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். அதற்கான விலையை, கூட்டி வந்தவர்கள் கட்டாமல் கூட்டி வரப்பட்டவன் கட்டுகிறான்.

ஆள் சேர்ப்பையே தடை செய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் தண்ணீர் சுமந்த பையனுக்கு அந்தச் சீட்டே கிடைத்திருக்காது, ஃபிஃபிதா தென்ரிக்கு வந்திருக்க மாட்டார். கேட்பது கொஞ்சம்தான். பையனிடம் கொடுக்கும் வாக்கு எழுத்தில் இருக்கட்டும். அடிபட்டாலும் அணியை விட்டு விலகினாலும் பட்டம் வாங்கும் வரை ஃபீஸ் சலுகை தொடரும் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். பரிந்துரையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலு வருஷத்தில் படிப்பை முடித்தார்கள் என்று ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்ட முடிவுகளைப் போடும் அதே இடத்தில் போடட்டும். ஜெயித்த கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா என்ன?

பக்கத்து மேஜைக்காரர் மகன் விஷயம் இன்னும் முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆள் அடுத்த வாரம் முதன்முதலாக வீட்டுக்கே வருகிறார். அப்பாவுக்குக் கேட்கக் கூச்சம், அவர் தலைமுறைக்கு அது மரியாதைக் குறைவு. நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஸ்க்ரம்மில் முன்வரிசைக்கு இந்த வருஷம் எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? இரண்டாம் வருஷத்தில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன்? காலைப் பயிற்சியும் முதல் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் எதற்குப் போக வேண்டும்? ஆபரேஷன் செலவு யாருடையது? ஐந்தாவதை மகனே எழுதினானாம், இன்று காலை காட்டினார்: இஞ்சினியரிங் எடுக்கலாமா, இல்லை நீங்கள் சொல்லும் துறைதானா?